உருவப்பட ஓவியர் இரவிவர்மா: மதுரை மரபும் சென்னைப் பட்டணமும்

இராஜா இரவிவர்மா (1848-1906) என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் நினைவில் எழுவன தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் வீணை ஏந்திய சரசுவதியுமே. அச்சுப்படங்களும் நாட்காட்டிகளும் ஊன்றிய நினைவு அது. ஆயின் அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பெயரும் பொருளும் முதலில் ஈட்டித் தந்தது உருவப்படத் தொழிலே. மன்னர், திவான், ஆளுநர், நீதிபதி, அவர்தம் மனைவி மக்கள் எனப் பலரும் அவர்முன் அமர்ந்து தம் உருவை எழுதுவித்துக் கொண்டனர். அத்தொழில் மதுரையிலிருந்து திருவனந்தபுரம் சென்ற ஓவியர் மரபின் அருகில் தொடங்கியது. சென்னைப் பட்டணத்துக் கண்காட்சிகளில் அரங்கேறியது. தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்துத் திவான்களின் தொடர்பால் விரிந்தது. புராண ஓவியர் இரவிவர்மாவை அறிய உருவப்பட ஓவியர் இரவிவர்மாவே வாயில் என்பதும், அவ்வாயிலில் நின்ற தமிழக ஓவியர்கள் வரலாற்றில் பொறாமைக்காரர்களாக மட்டுமே எஞ்சி நிற்பது முறையன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

சென்னைப் பட்டணமும் உருவப்படமும்

ஒருவர் உருவை அவரைப் போலவே எழுதுதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சீவகன் குணமாலையின் உருவை எழுத, அதனைக் கண்ட காந்தருவதத்தை ஊடுகிறாள். ஆனால் அங்கு எழுதுபவன் காதலன், எழுதுவது நினைவிலிருந்து. கூலி பேசிக்கொண்டு, ஓவியர்முன் நாள்கணக்கில் அமர்ந்திருந்து, தன் தகுதியைக் காட்டும் உடையும் அணியும் பதக்கமும் துலங்கத் தன்னை எழுதுவித்துக்கொள்ளும் வழக்கம் வேறு. எண்ணெய் வண்ணமும் கித்தானும் கொண்ட அவ்வழக்கம் ஐரோப்பியரோடு வந்தது. அது இந்தியாவில் வேரூன்றிய முதல் இடங்களுள் ஒன்று சென்னை.

1769இல் சென்னை வந்த டில்லி கெட்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவை எழுதினார். அவருக்குப் பின் ஜார்ஜ் வில்லிசன், இராபர்ட் ஹோம், தாமஸ் ஹிக்கி, ஜார்ஜ் சின்னரி முதலியோர் வந்தனர். இவர்களுள் ஹிக்கி தமிழாய்வாளர் அறிந்திருக்க வேண்டியவர். சுவடித் தொகுப்பால் நாம் நன்கறிந்த காலின் மெக்கன்சியின் உருவப்படத்தை 1816இல் எழுதியவர் அவரே. அப்படத்தின் நடுவில் சிவப்புச் சட்டையில் மெக்கன்சி நிற்க, அவருக்காகச் சுவடி தேடித் திரட்டிய இந்திய உதவியாளர்கள் பின்புறம் நிற்கின்றனர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவ்வகைப் படங்களில் இந்தியரின் இடம் இரண்டுதான். நவாபாக நடுவில் நிற்கலாம். பணியாளராக ஓரத்தில் நிற்கலாம். தூரிகை பிடிக்கும் இடம் வெள்ளையருடையதாகவே இருந்தது. 1802இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை விருந்து மண்டபத்தில் (இன்றைய இராஜாஜி மண்டபம்) ஆளுநர், படைத்தலைவர் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவ்வரிசையில் தம் படத்தைச் சேர்ப்பது ஓர் ஆளுநருக்கு எவ்வளவு பெருமையோ, அதனை எழுதும் பணியைப் பெறுவது ஓவியருக்கும் அவ்வளவு பெருமை.

மதுரை ஓவியரும் கிளிமானூர் இல்லமும்

1848 ஏப்ரல் 29இல் கிளிமானூரில் இரவிவர்மா பிறந்தார். அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட இல்லம் அது. தாய் உமையம்பா கவிதை புனைந்தவர். தாய்மாமன் இராஜ இராஜவர்மா ஓவியப் பயிற்சி உடையவர். அவர் சுவாதித் திருநாள் அவையில் புகழ்பெற்றிருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் கற்றவர் என்பது வரலாறு. தஞ்சை ஓவிய மரபு திருவிதாங்கூரில் நிலைபெற்றது இத்தகைய ஓவியர்களின் வழியே. எனவே இரவிவர்மாவின் கைக்கு வந்த முதல் ஓவிய அறிவு, ஒரு தலைமுறை இடையிட்டு, மதுரையிலிருந்து வந்ததே.

1862இல் மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னர்முன் நிறுத்தினார். அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் இராமசாமி நாயக்கர் (நாயுடு எனவும் நூல்கள் குறிக்கும்). எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. இளைஞர் இரவிவர்மாவுக்கு அதனைக் கற்பிக்க அவர் மறுத்தார் என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து மறைவாகச் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறுவர். 1868இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. மன்னர் சொற்படி, தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார்.

வாழ்க்கை வரலாற்று நூல்களும், ரஞ்சித் தேசாயின் மராத்திப் புதினம் (1984) போன்ற புனைவுகளும் நிலைநிறுத்திய சித்திரத்தில் நாயக்கரின் மறுப்பு பொறாமையாகிறது. இரவிவர்மாவின் தனிமுயற்சி அதன் முன் மேலும் ஒளிர்கிறது. ஜென்சனின் மறுப்புக்கு அவ்வளவு கடுஞ்சொல் கிடைப்பதில்லை என்பது நோக்கத்தக்கது. இக்கதையைத் தொழில் வரலாற்றின் பக்கம் நின்று படித்தால் வேறொன்று புலனாகும். மதுரை ஓவியர்கள் கிளிமானூர் இல்லத்துக்கு முன்னரே ஒருமுறை கற்பித்திருந்தனர்; அழகிரி நாயுடு மாமனுக்குக் கொடுத்ததை மறைக்கவில்லை. ஆகவே மரபறிவைப் பூட்டி வைத்தனர் என்று பொதுவாகச் சொல்லுதல் பொருந்தாது. நாயக்கர் கொடுக்க மறுத்தது எண்ணெய் வண்ணமெனும் புதிய நுட்பத்தை. அரண்மனையில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது அந்த நுட்பமே. அவர் ஊதியம் பெற்று வாழ்ந்த பணியாளர். கற்க வந்தவரோ மன்னரின் ஆதரவும் 1866 முதல் அரச குடும்பத்து மணவுறவும் உடையவர். இவ்விருவரிடையே எழுந்த பிணக்கைப் பொறாமை என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குவது, பிழைப்பைக் காத்துக்கொள்ள முயன்ற கைவினைஞனுக்கு நீதி செய்வதாகாது.

பிற்காலத்தில் இரவிவர்மாவின் அறிவு எங்கே சென்றது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. தம்பி சி. இராஜ இராஜவர்மா, தங்கை மங்களாபாய், மகன் இராமவர்மா ஆகியோர் ஓவியரானார்கள். அதாவது அவ்வறிவும் பெரும்பாலும் ஓர் இல்லத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. அதனை எவரும் பொறாமை என்பதில்லை.

கற்றதன் உள்ளடக்கத்தையும் சிறிது நோக்க வேண்டும். தஞ்சைப் படத்தில் பொன் என்பது உண்மையான பொற்றகடு. சுண்ணப் பூச்சால் மேடாக்கி, அதன்மேல் தகட்டை ஒட்டி, கல் பதிப்பர். விளக்கொளியில் அது தானே மின்னும். எண்ணெய் வண்ணத்தில் பொன் இல்லை; பழுப்பின்மேல் மஞ்சளும் அதன்மேல் ஒரு புள்ளி வெண்மையும் சேர்ந்து பொன்னென்று கண்ணை நம்பவைக்கும். இரவிவர்மாவின் உருவப்படங்களில் சரிகைக் கரை, முத்துச் சரம், அட்டிகைக் கல் ஆகியவை பெறும் கவனத்தைக் காணும்போது, பொன் ஒட்டும் மரபில் வளர்ந்த கண்ணும் பொன் இல்லாமல் பொன்னைக் காட்டும் புதிய கையும் அங்கே ஒன்று சேர்ந்திருப்பதை உணரலாம். அவரை முற்றிலும் மேலைமுறை ஓவியர் என்போர் காணத் தவறுவது இதுவே.

பதக்கங்களும் பஞ்சமும்

1870இல் கோழிக்கோட்டு நீதிபதி கிழக்கேபாட்டுக் கிருஷ்ண மேனோன் குடும்பத்தை எழுதியதே அவர் கூலிபெற்று எழுதிய முதல் உருவப்படம் என்பர். அரசரல்லாத ஒருவர், ஆங்கில ஆட்சியின் புதிய பதவி வழியே உயர்ந்தவர், தம் குடும்பத்தோடு தம்மை எழுதுவிக்க முன்வந்தது குறிப்பிடத்தக்கது. உருவப்படம் அரண்மனையைத் தாண்டிவிட்டது.

1873ஆம் ஆண்டுச் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் பொற்பதக்கம் பெற்றது. அப்படம் வியன்னா கண்காட்சியிலும் பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டு சென்னையில் பொற்பதக்கம் பெற்றது சுரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம். 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பரிசுகளுள் இதுவும் இருந்தது. இவ்விரு படங்களும் உருவப்படத்தின் திறமெல்லாம் கொண்டவை. ஆனால் அவற்றிலுள்ள பெண்களுக்குப் பெயர் இல்லை. ஒருத்தி ‘நாயர்’, மற்றவள் ‘தமிழ்’. ஓர் ஆளின் முகம் ஓர் இனத்தின் முகமாக மாறும் முதற்படி இது. 1889ஐ ஒட்டி எழுதப்பட்டு மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, பல பகுதிப் பெண்டிர் பதினொருவர் இசைக் குழுவாக அமர்ந்திருக்கும் படம் அப்படியின் விரிவே. சென்னைக் கண்காட்சிக் கூடம் இல்லையேல் இப்படியில் அவர் கால் வைத்திருப்பாரா என்பது ஐயமே. 1850 முதல் சென்னையில் ஓவியப் பள்ளி இருந்தும் அவர் அதில் பயிலவில்லை. பட்டணம் அவருக்குப் பள்ளியாக அன்று, சந்தையாகவே அமைந்தது.

அச்சந்தையின் உச்சம் ஆளுநரின் உருவப்படம். 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் இரவிவர்மாவின் ‘சகுந்தலை மடல் எழுதுதல்’ படத்தை விலைக்கு வாங்கினார். தம் உருவப்படத்தையும் அவரைக் கொண்டே எழுதுவித்தார். கெட்டில் காலம் தொட்டு வெள்ளையர் கையிலிருந்த தூரிகை இந்தியர் ஒருவரிடம் வந்தது. இந்நிகழ்ச்சியைப் பெருமையோடு கூறும் நூல்கள் பல. அதே ஆண்டுகள் தாது வருடப் பஞ்சத்தின் ஆண்டுகள் (1876-1878) என்பதையும் சேர்த்துக் கூறுவன சில. பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதியால் முழுமையுற்ற கடற்கரைக் கால்வாய் இன்றும் இந்த ஆளுநரின் பெயரையே தாங்கியுள்ளது. அப்பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்ப் போனவர்களை வரிசையாக அமர்த்திப் படைத்துறை அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் ஒளிப்படங்கள் எடுத்தார். அப்படங்களில் இருப்போருக்கும் பெயரில்லை. ஒரே ஆளுகையில் ஒருவர் கித்தானில் பதக்கங்களோடு நின்றார். பலர் ஒளிப்படத் தகட்டில் ஆடையின்றிப் பதிந்தனர். இதற்கு இரவிவர்மாவைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் உருவப்படம் என்பது யாருக்குரியது என்னும் வினாவை விலக்கிவிட்டு அக்காலத்து ஓவிய வரலாற்றை எழுதுதல் அரைகுறை வரலாறாகவே முடியும். பிற்காலத்தில் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லக்கையும் (1896-1900) அவர் எழுதினார். அப்படம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது.

திவான்களின் வழி

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ஒத்துப்போகாத இரவிவர்மா திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். அவருக்குப் பரோடாவின் கதவைத் திறந்தவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்து, தஞ்சை மராத்தியர் வழிவந்த அவர், திருவிதாங்கூர்த் திவானாயிருந்து, பின் இந்தோருக்கும் 1875இல் பரோடாவுக்கும் சென்றவர். 1881 டிசம்பரில் மூன்றாம் சாயாஜிராவ் கெயிக்வாட் ஆட்சிப் பொறுப்பேற்ற காலத்தை ஒட்டி இரவிவர்மா பரோடாவுக்கு அழைக்கப்பட்டார். புதுக்கோட்டையில் இராமச்சந்திரத் தொண்டைமானின் உருவப்படத்தை எழுதியதன் பின்னணியிலும் ஒரு திவானைக் காண்கிறோம். முன்பு திருவிதாங்கூர்த் திவானாயிருந்த (1872-1877) சேஷையா சாஸ்திரி 1878 முதல் புதுக்கோட்டைத் திவானாக இருந்தார். இரவிவர்மா எழுதிய அரண்மனைகளின் வரைபடத்தையும் தமிழகத்துத் திவான்கள் பணிமாறிச் சென்ற வரைபடத்தையும் அருகருகே வைத்தால் அவை பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். ஓவியரின் புகழ் தானே பரவியது என்பதினும், ஆங்கிலம் கற்ற நிருவாகிகளின் பரிந்துரை வலையால் பரவியது என்பதே சரி.

பரோடாவுக்காக எழுதிய உருவப்படங்களின் நம்பிக்கையில்தான் 1888இல் இராமாயண, பாரதக் காட்சிகள் பதினான்கை எழுதும் பணி ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்தது. முகத்தை எழுதியவரிடமே மன்னர் கடவுளையும் எழுதித் தரக் கேட்டார்.

முகமும் கடவுளும்

அவருடைய தொழில்முறையை அறியப் பெரிதும் துணைசெய்வது தம்பி இராஜ இராஜவர்மா ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு. 1895 முதல் 1904 வரையிலான அது எர்வின் நியூமேயர், கிறிஸ்டின் ஷெல்பெர்கர் பதிப்பாக 2005இல் தில்லியிலிருந்து வெளிவந்தது. புகைவண்டிப் பயணங்கள், காத்திருப்புகள், ஒளிப்படத்தைத் துணைக்கொண்டு எழுதுதல், பின்னணிக் காட்சிகளில் தம்பியின் கை என ஒரு பட்டறையின் அன்றாடம் அதில் உள்ளது. தனிமேதை என்ற சித்திரத்தை இந்நாட்குறிப்பு அளவுக்கு எந்தத் திறனாய்வும் கலைக்கவில்லை.

அமர்ந்து காட்ட ஆளில்லாதபோதும் உருவப்படம் எழுத வேண்டி வந்தது. 1901இல் உதயப்பூரில் மகாராணா பிரதாப் சிங்கை எழுதினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவருக்கு முகம் கொடுத்தார். இன்று நாடு அறிந்த பிரதாப்பின் முகம் பெருமளவும் இதுவே. பிற்காலத்தில் வள்ளுவருக்கு வேணுகோபால் சர்மா முகம் கொடுத்ததை நாம் அறிவோம். ஒருமுறை நம்பும்படி எழுதப்பட்ட முகத்தை மக்கள் மனம் எளிதில் விடுவதில்லை.

புராணப் படங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அவருடைய தமயந்தியும் சகுந்தலையும் இலக்குமியும் சிற்ப நூல் அளவுகளால் பிறந்தவர்களல்லர். எதிரே அமர்ந்த பெண்ணின் கன்னத்து நிழலும் கைம்முட்டின் மடிப்பும் கொண்டு பிறந்தவர்கள். ஓர் ஆளின் முகம், ஓர் இனத்தின் முகம், பின் தேவியின் முகம் என்று மூன்று படிகள் இதில் உள. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அம்மூன்றாம் படியை மலிவு விலையில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கடனாலும் பிற இடர்களாலும் அச்சகம் சில ஆண்டுகளில் செருமானியத் தொழிலறிஞர் ஃபிரிட்ஸ் சிலைக்கர் கைக்கு மாறினாலும் படங்கள் நிற்கவில்லை. இக்கட்டுரை எழுதப்படும் முனிர்காவின் நெருக்கமான சந்துகளில் வாழும் தென்னாட்டார் வீடுகளிலும், அலமாரித் தட்டுப் பூசையிடத்தில் சட்டமிட்டு நிற்கும் இலக்குமி அவ்வழி வந்தவளே. அம்முகம் ஒருகாலத்தில் ஓர் உருவப்படக்காரரின் முன் கூலிக்கோ கேண்மைக்கோ அமர்ந்திருந்த பெண்ணிடமிருந்து வந்தது என்பதை விளக்கேற்றுவோர் எண்ணுவதில்லை, எண்ண வேண்டியதுமில்லை.

உருவப்படம் சமுதாய மாற்றத்தைத் தொட்ட இடமும் ஒன்றுண்டு. 1893இல் தம் மகள் மகாபிரபாவைக் கைக்குழந்தையோடு நிற்க வைத்து எழுதிய படம் ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் பொருள்படும் பெயருடையது. தந்தை படத்தில் இல்லை. தாயும் குழந்தையும் அவர் வரும் திசையை நோக்குகின்றனர். மருமக்கள்தாய முறையில் தந்தைக்கு வீட்டில் உரிய இடம் எது என்பது அவ்வாண்டுகளில் மலையாள நாட்டில் எழுந்திருந்த பெருவினா. அதனை ஆராய 1891இல் அமைக்கப்பட்ட மலபார்த் திருமணக் குழுவின் தலைவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சர் டி. முத்துசாமி ஐயர், சட்டம் 1896இல் வந்தது. சட்டம் பேசிய தந்தையை ஓவியம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. சொந்த மகளை எழுதும்போது இரவிவர்மா வாடிக்கையாளர் எவருக்கும் கடமைப்படவில்லை. அவருடைய உருவப்படங்களுள் மிகுந்த பொருளாழம் உடையது இது என்பது என் கருத்து.

பாரதியும் குமாரசுவாமியும்

1904இல் கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் வந்தது. 1905 தொடக்கத்தில் தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2இல் கிளிமானூரில் இரவிவர்மாவும் மறைந்தார்.

அப்போது சென்னையில் ‘இந்தியா’ வார இதழில் பணியாற்றிக்கொண்டிருந்த பாரதி அவருக்கு இரங்கற்பா பாடினார். ‘ஓவியர்மணி இரவிவர்மா’ என்னும் தலைப்பில் பாரதி பாடல் தொகுதிகளில் அது இடம்பெறுகிறது. மன்னரின் மாளிகையையும் ஏழையரின் குடிலையும் இரவிவர்மாவின் ஓவியம் சென்றடைந்த இடங்களாக அப்பாடல் ஒருசேரச் சொல்வது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. மாளிகைக்குச் சென்றது கித்தான். குடிலுக்குச் சென்றது அச்சுப்படம். ஒரே கையிலிருந்து இரண்டும் சென்றதை 1906இலேயே ஒரு தமிழ்க் கவிஞர் கண்டிருக்கிறார். ஓவியத்தைக் காண்போர் யார் என்ற நோக்கில் எழுந்த பார்வை இது.

அடுத்த ஆண்டே காற்று மாறியது. 1907இல் ஆனந்த குமாரசுவாமியும் நிவேதிதை அம்மையாரும் இரவிவர்மாவின் படங்களை நாடகத்தன்மை உடையன, இந்திய உள்ளுணர்வு அற்றன என்று மறுத்தனர். 1908இல் ஹேவெலின் நூலும் அவ்வழியே சென்றது. குமாரசுவாமி ஈழத்துத் தமிழர் சர் முத்து குமாரசுவாமியின் மகன். நிவேதிதை பாரதி தம் குருவாகப் போற்றியவர். ஹேவெல் வங்கம் செல்லுமுன் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராயிருந்தவர். மறுத்தவர் மூவரும் ஏதோ ஒரு வகையில் தமிழ்ச் சூழலோடு தொடர்புடையவர்கள். ஆயினும் அவர்களுடைய அளவுகோல் புராணப் படங்களை மட்டுமே முதன்மையாக அளந்தது. உருவப்படத்தை அவர்கள் கலையாகவே பொருட்படுத்தவில்லை. கூலிக்குச் செய்த வேலையாகக் கண்டனர். இராமசாமி நாயக்கரை ஒதுக்கிய பார்வைக்கும் இதற்கும் உறவுண்டு. இரண்டிலும் கூலி என்பது கலைக்கு இழுக்கு.

1979இல் இந்திய அரசு இரவிவர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்து, நாட்டைவிட்டுச் செல்லாதபடி தடுத்தது. 1993இல் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் ஓவியர் ஏ. இராமச்சந்திரனும் ரூபிகா சாவ்லாவும் அமைத்த பெருங்கண்காட்சி பழைய வாதங்களை மீண்டும் கிளப்பியது. அவ்வாதங்களும் பெரும்பாலும் புராணப் பெண்டிரையே சுற்றின. திவான்களும் நீதிபதிகளும் அவர்தம் மனைவியரும் இன்னும் சுவரில் மௌனமாக நிற்கின்றனர். அவர்கள் அணிந்திருக்கும் சரிகைக் கரையை அருகில் சென்று நோக்குவோர், பழுப்பின்மேல் மஞ்சளையும் அதன்மேல் வெண்மையையும் வைக்கும் முறையைக் காண்பர். ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து சொல்லிக் கொடுத்ததாகக் கூறப்படுவது அத்தகைய நுட்பத்தையே.